இடப்பக்க நாற்காலி

ஒப்புதல் என்று எழுதிவிட்டேன். நேரம் எட்டு ஐம்பத்திரண்டு என்றும் எழுதிவிட்டேன். இனி அடியில் என் கையெழுத்தைப் போட்டு, இந்த ஒடுக்கமான அறையின் மூலையில் இருக்கிற கறுப்புத் தொலைபேசியை எடுத்து, மறுமுனையில் காத்திருக்கிற அதிகாரிக்கு நாலு வரியை வாசித்துவிட்டால் என் வேலை முடிந்தது. ஒன்பதரைக்குள் வாசிக்க வேண்டும். முப்பத்தெட்டு நிமிஷம் இருக்கிறது, நாலு வரிக்கு அது ஏகப்பட்ட நேரம், ஆனாலும் பேனா கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு மேலேயே நிற்கிறது, மை ஒரு புள்ளியாகக் காகிதத்தில் ஊறுகிறது. என்னவோ சரியில்லை. நான் எழுதியதில் தப்பில்லை, அவர் சொன்னதைத்தான் எழுதினேன். "சரி, அப்படியே செய்யுங்கள்" என்று பிரதமர் ஆங்கிலத்தில் சொன்னார், தலையை இரண்டு தடவை ஆட்டினார், லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார். சிரித்தார். அங்கேதான் மாட்டிக்கொள்கிறது. பதினோரு பேர் இருக்கிற படகைச் சுடலாமா என்று கேட்டால் சிரிக்கிற மனிதரா அவர்? போன மாதம் மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து இறந்த சிப்பாய்களின் பெயரை வாசித்தபோது ஊர்ப்பெயரோடு மறுபடி வாசிக்கச் சொன்னவர். ஒருவேளை பாதுகாப்பு ஆலோசகர் லாஹிரியின் முகத்தைப் பார்த்துச் சிரித்திருக்கலாம், மரியாதைக்கு. ஒருவேளை நான்தான் சரியாகப் பார்க்கவில்லை. இல்லை, பார்த்தேன். அந்தச் சிரிப்பு அரை நொடி தாமதமாக வந்தது. லாஹிரியின் உதடு நின்ற பிறகு, இப்போது நம் முறை என்று தெரிந்த பிறகு வந்தது.

பதினாலு வருஷமாக இதே வேலை. பிரதமர்கள் மூன்று பேர் மாறிவிட்டார்கள், நான் மாறவில்லை. பேச்சியம்மாள் என்பது இந்தத் தலைநகரத்தில் யார் வாயிலும் நுழையாததால் மிஸ் பேச்சி ஆகிவிட்டேன், ஐம்பத்தாறு வயதில். தினமும் காலையில் பாதுகாப்பு ஆலோசகர் வருவார், பிரதமரிடம் வாயால் சொல்வார், மிக முக்கியமானதை யாரும் காகிதத்தில் கொண்டுவருவதில்லை, பிரதமர் தருகிற பதிலை மட்டும் நான் எழுதிக்கொள்வேன், அந்தப் பதில்தான் பிறகு கப்பலாகவும் விமானமாகவும் நகரும். லாஹிரி முப்பது வருஷம் உளவுத்துறையில் இருந்தவர். சுவருக்குக்கூடக் கேட்கக் கூடாது என்பதுபோல மெல்லப் பேசுவார். இன்றைக்கு அப்படித்தான் சொன்னார்: பெயரும் எண்ணும் இல்லாத ஒரு படகு நம் கரையைப் பார்த்து வருகிறது, இன்னும் நூற்றுப்பத்து மைல், நம் கப்பல் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் பின்னாலேயே போகிறது, ரேடியோவில் பதினேழு தடவை கூப்பிட்டும் பதில் இல்லை, உள்ளே வெடிமருந்து இருக்கும் என்று சந்தேகம், ஒன்பதரை வரை நிற்காவிட்டால் எஞ்சினைப் பார்த்துச் சுடலாம், சுட்டால் படகு மூழ்கலாம், பொதுக் கடல் என்பதால் பிரதமர் சொல்ல வேண்டும். அவர் சொல்லும்போது வெளியே மழை தகரப் பந்தலில் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த மழைதான் வலப்பக்கத்துக் கூரையில் ஒழுகி, கம்பளத்தை நனைத்து, நாற்காலிகளை இந்தப் பக்கம் தள்ளிப் போட வைத்தது. ஆமாம், நாற்காலி. லாஹிரி இன்று பிரதமருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார். எத்தனை மாதமாக எல்லோரும் வலப்பக்கமே உட்காருகிறார்கள்? வெளிநாட்டு விருந்தாளி வந்தால்கூடப் பிரதமரே எழுந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வலப்பக்கம் உட்கார வைப்பார், நானும் அது அவர் ஊர் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அந்தத் தலையாட்டல் தெரியும். அந்தத் தலையாட்டலில்தான் நான் வளர்ந்தேன். அப்பா நூற்பாலையில் இருபத்தாறு வருஷம் ஓயாமல் இரைகிற நூற்புக் கதிர்களுக்கு நடுவில் நின்றவர், நாற்பது வயதிலேயே காது பஞ்சாகிவிட்டது. ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று பயம், அதைவிட, கேட்கவில்லை மறுபடி சொல்லுங்கள் என்று கேட்கக் கூச்சம். எதிரில் இருப்பவரின் வாய் மூடியதும் தலையை ஆட்டுவார், முகத்தைப் பார்த்துச் சிரிப்பார், "சரிங்கய்யா" என்பார். அம்மாவின் கண்ணில் நெல் உமி பட்டுப் புண்ணானபோது டாக்டர் அப்பாவைக் கூப்பிட்டு, ஒரு வாரத்துக்குள் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போங்க, தள்ளிப்போட்டால் பார்வை போய்விடும் என்றார். அப்பா தலையாட்டினார். "சரிங்கய்யா." நானும் பக்கத்தில்தான் நின்றேன், பதினோரு வயது, என் காது நன்றாகவே கேட்டது. பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள், அப்பா பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து, "மருந்து குடுத்திருக்காவ, சரியாப் போயிரும்" என்று அப்பா சொன்னபோதுகூட, டாக்டர் வேறு ஏதோ சொன்னாரே என்று வாய்வரைக்கும் வந்தது. வாய்வரைக்கும்தான் வந்தது. நாற்பது நாள் கழித்துப் போனோம். அம்மாவுக்கு அந்தக் கண் போய்விட்டது. அதற்காக ஒரு நாள்கூட அம்மா அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு இரண்டு பேரும் ரோட்டைக் கடக்கும்போது அப்பா அம்மாவின் பார்வை போன பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொள்வார், பின்னால் ஹாரன் கேட்டால் அம்மா அந்தக் கையை ஒரு தரம் அழுத்துவாள், அப்பா நின்றுவிடுவார். ஒருவர் பார்க்க, ஒருவர் கேட்க, அப்படியே கடந்துவிடுவார்கள். நான் பின்னால் நடந்து வருவேன். டாக்டர் சொன்னது எனக்குக் கேட்டது என்று அவர்களிடம் நான் சொல்லவே இல்லை. இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

எட்டு ஐம்பத்தேழு. உள்ளே போய் என்ன சொல்ல? உங்களுக்குக் காது கேட்கவில்லை என்றா? நாட்டின் பிரதமரிடம் ஒரு குமாஸ்தாவைப் போன்றவள், இல்லை, குமாஸ்தா இல்லை, ஆனாலும் எழுதிக்கொள்கிறவள்தானே, அவருக்கு நன்றாகக் கேட்டிருந்தால்? யோசித்துத்தான் சரி என்று சொல்லியிருந்தால்? சிரிப்பு என்பது சும்மா ஒரு பழக்கமாக இருந்தால்? அப்புறம் நாளைக்கு இந்த அறையில் வேறு ஒருவர் உட்கார்ந்திருப்பார், நான் எங்காவது ஆவணக் காப்பகத்தில் தூசி தட்டிக்கொண்டிருப்பேன். அது பரவாயில்லை. நிஜமாகவே கேட்கவில்லை என்றால்தான் பயமாக இருக்கிறது, ஏனென்றால் அப்போது அவர் மறைக்கிறார், மறைக்கிற மனிதரின் கையைப் பிடித்து வெளிச்சத்துக்கு இழுப்பது போல ஆகிவிடும். அப்பாவை யாராவது அப்படி இழுத்திருந்தால் நான் அவர்களை மன்னித்திருப்பேனா? லாஹிரியிடம் போய்ச் சொல்லலாம். வேண்டாம், லாஹிரிக்குத் தெரிந்தால் அது தகவல் ஆகிவிடும், தகவல் அவரிடம் இருந்தால் அது கோப்பு ஆகிவிடும். சும்மா கையெழுத்துப் போட்டுவிடலாம், நான் எழுதியதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை, நாளைக்கு யார் கேட்டாலும் காகிதம் என் பக்கம்தான் பேசும். பதினோரு பேர். அவர்கள் யார் என்று லாஹிரிக்கே தெரியாது. வாய்வரைக்கும் வந்தது. எழுந்துவிட்டேன். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

அவர் உள்ளறையில் தனியாக ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார், ஒன்பதேகாலுக்கு ஒரு தூதர் வருகிறார். குனிந்தால் மூச்சு வாங்குகிறது, எழுபத்துமூன்று வயது, சேலத்தில் கல்லூரியில் பௌதிகம் நடத்திக்கொண்டிருந்த அர்த்தநாரி வாத்தியார்தான் இன்னமும், சட்டைப்பையில் சிவப்புப் பேனாகூட இருக்கிறது. நான் அவருக்கு இடப்பக்கமாக நுழைந்தேன். "ஐயா" என்றேன். கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். "ஐயா." இன்னும் கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். திரும்பவில்லை. அந்த இரண்டாவது ஐயாவில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. சுற்றிப்போய் எதிரில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தேன், ஜன்னல் வெளிச்சம் என் முகத்தில் விழும்படி. அவர் நிமிர்ந்து பார்த்து, "என்ன அம்மிணி" என்றார். யாரும் இல்லாதபோது அப்படித்தான் கூப்பிடுவார். "குறிப்ப ஒரு தடவ வாசிச்சுக் காட்டிர்றேன் ஐயா." "எப்பவும் காட்ட மாட்டீங்களே?" "இன்னைக்குக் காட்டணும்." வாசித்தேன். மெதுவாக, ஒவ்வொரு சொல்லுக்கும் வாயைத் திறந்து. கூப்பிட்டும் பதில் தராத படகின் எஞ்சினைச் சுட்டு நிறுத்தவும், அதில் படகு மூழ்க நேர்ந்தாலும், என்ற இடத்தில் அவர் கை கயிற்றிலேயே நின்றுவிட்டது. பிரதமர் ஒப்புதல் அளித்தார் என்பதையும் வாசித்தேன். "யாருங்க சொன்னது இத?" "லாஹிரி சார் சொன்னாரு." "நான் என்ன சொன்னேன்?" "சரி, அப்படியே செய்யுங்கன்னு சொன்னீங்க." அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்துப் போவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். "பின்னாலயே போறோம், பத்து மணிக்கு மறுபடி வந்து சொல்றேன்னு அவரு சொன்னதாட்ட இருந்துச்சு எனக்கு" என்றார். பிறகு, "எத்தன பேரு அதுல?" "பதினோரு பேரு." "இன்னும் சொல்லிடலையே?" "இல்லங்கய்யா. கையெழுத்துக்கூடப் போடல."

அவர் ஷூவைக் கழற்றிவிட்டார். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. "உங்களுக்கு எத்தன நாளாத் தெரியும்?" என்றார். "கால் மணி நேரமா." சிரித்தார், இந்தத் தடவை உடனே வந்த சிரிப்பு. "எங்க ஊட்டுக்காரம்மாவுக்கே நாலு மாசம் ஆச்சு கண்டுபிடிக்க." தை மாதம் ஒரு காய்ச்சல் வந்ததாம், விட்ட பிறகு இடது காது திறக்கவே இல்லையாம். கருவி வாங்கி மேஜை இழுப்பறையில் கிடக்கிறது, மாட்டினால் மறுநாளே பத்திரிகையில் படம் வரும், கிழவனிடம் எதைச் சொன்னாலும் சரி என்பான் என்று எதிரில் இருப்பவன் பேசுவான், பக்கத்தில் இருப்பவனும் பேசுவான். "கேட்டவங்களாட்ட இருந்துரலாம்னு நெனச்சேனுங்க. பாதிப் பேரு சொல்றது முன்னாடியே தெரிஞ்சதுதானே. மீதிய மூஞ்சியப் பாத்துப் புரிஞ்சுக்கலாம்னு." நிறுத்தினார். "இதுக்கு முன்னாடி எதுக்காச்சும் இப்படித் தலையாட்டிருக்கேனா அம்மிணி?" ஏழு மாதக் குறிப்புகளும் கண்முன்னால் ஓடின, வலப்பக்கம், வலப்பக்கம், ஒரு தடவை விமானத்தில் எந்தப் பக்கம் என்று ஞாபகம் இல்லை. "இன்னைக்குத்தான் நாற்காலி மாறிச்சு" என்றேன். "ஆனா எல்லாத்தையும் எடுத்துப் பாத்துச் சொல்லுதேன்." இத்தனை வருஷம் கழித்து என் ஊர்ப்பேச்சு எங்கிருந்தோ வந்துவிட்டது. அவர் அதைக் கவனித்தார். "எங்கப்பாவுக்கும் கேக்காது ஐயா" என்று நான் சொன்னேன், அது மட்டும்தான் சொன்னேன், அவர் என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் ஒரு நிமிஷம் வைத்துக்கொண்டார். அப்புறம், "லாஹிரியக் கூப்புடுங்க" என்றார். நான், "கூரை ஒழுகுற சத்தத்துல சரியா விழலைன்னு சொல்லிரலாம் ஐயா" என்றேன். "வேண்டாமுங்க. அது இன்னொரு தலையாட்டல்."

லாஹிரி போர்ட்டிகோவில் காருக்கு நின்றுகொண்டிருந்தவர், குடை நனைய வந்தார். பிரதமர் அவரை ஈரக் கம்பளத்தின் மேலேயே ஒரு நாற்காலி போட்டு வலப்பக்கம் உட்கார வைத்தார். அவர்களுக்குள் ஆங்கிலம்தான். "எனக்கு இடது காது கேட்காது, லாஹிரி. காலையில் நீங்கள் சொன்னதில் ஒன்றும் எனக்கு விழவில்லை. விழாமலே சரி என்றேன். தப்பு என்னுடையது. மறுபடி சொல்லுங்கள், சத்தமாக." லாஹிரி என்னைப் பார்த்தார். நான் காகிதத்தைப் பார்த்தேன். அவர் ஆரம்பித்தார். "இன்னும் சத்தமாக." சத்தமாகப் பேசி அந்த மனிதருக்குப் பழக்கமே இல்லை, குரல் பிசிறியது, பதினோரு பேர் என்று உரக்கச் சொன்னார், சுட வேண்டும் என்று உரக்கச் சொன்னார், கதவுக்கு வெளியே நின்ற காவலர் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடினார். மூழ்கலாம் என்ற சொல்லை அவர் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காலையில் அதே சொல் ஒரு பட்டுத்துணி நழுவுவது போல நழுவியது. இப்போது அறையின் நடுவில் கிடந்தது. "அவர்கள் பதில் சொல்லவில்லையா, அவர்களுக்குக் கேட்கவே இல்லையா?" என்று பிரதமர் கேட்டார். "தெரியாது" என்றார் லாஹிரி. பிறகு, யாரும் கேட்காமலே, "நான் ஒரு தடவை காத்திருந்தேன், சார். வேறொரு படகு. தெரியாது என்று காத்திருந்தேன். கரையேறி ஒரு பஸ் நிலையத்துக்கு வந்தார்கள். இறந்தவர்களின் பத்தொன்பது வீடுகளுக்கு நான் போனேன், ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் கொடுத்தார்கள்." அவரை நான் இத்தனை வருஷமாகக் கல் என்று நினைத்திருந்தேன். பிரதமர், "நிறுத்தாமல் விடச் சொல்லவில்லை" என்றார். "பக்கத்தில் போய்ப் பார்க்க முடியாதா?" முடியும், ரப்பர் படகில் நாலு பேரை அனுப்பலாம், வெடிமருந்து இருந்தால் அந்த நாலு பேரும் போய்விடுவார்கள் என்றார் லாஹிரி. உரக்கத்தான் சொன்னார். பதினோரு பேர், நாலு பேர், பத்தொன்பது பேர். மழை. பிரதமர் கண்ணை மூடிக்கொண்டார், மூடினால் அவருக்கு உலகம் எவ்வளவு அமைதியாகிவிடும் என்று நான் நினைத்தேன், அந்த அமைதியில் தனியாக அந்த எண்களோடு. ஒன்பது இருபத்துநாலு. கண்ணைத் திறந்தார். "அனுப்பச் சொல்லுங்கள். விருப்பப்படுகிறவர்கள் மட்டும். அவர்கள் பெயர் எனக்கு வேண்டும். எதிரில் இருந்து சுட்டால் நீங்களும் சுடலாம், என்னைக் கேட்க வேண்டாம். அனுப்பியது நான் என்று எழுதுங்க அம்மிணி." கடைசி வரி மட்டும் தமிழில் வந்தது. நான் ஓடிப்போய் வாசித்தேன். ஒன்பது இருபத்தெட்டு.

அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்கவில்லை, ஒரு மணி நேரத்துக்கும் மேலே. தூதரை மதியத்துக்கு வரச் சொல்லிவிட்டார்கள். என்னைப் போகச் சொல்லவில்லை, லாஹிரியும் போகவில்லை, மூன்று பேரும் அந்த ஈரக் கம்பள வாசனையில் உட்கார்ந்திருந்தோம். நாலு பெயர்கள் வந்தன, நான் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன், பிரதமர் அதைச் சிவப்புப் பேனாவுக்குப் பக்கத்தில் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் எடுத்துப் பார்த்தார். ரப்பர் படகு அலையில் எப்படிக் குதிக்கும், நான் கடலைக் கரையிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். அந்த நாலு பேரின் வீட்டில் இப்போது குக்கர் விசில் அடித்துக்கொண்டிருக்கும். ஒரு பெண் ஈரத் துணியைக் கொடியில் போடுவாள். நான் எழுந்து உள்ளே போகாமல் இருந்திருந்தால் அவர்கள் பத்திரமாகக் கப்பலிலேயே இருந்திருப்பார்கள் என்ற நினைப்பு வந்தது, வந்து போகாமல் அப்படியே உட்கார்ந்துகொண்டது. அதைப் பிரதமர் எப்படியோ என் முகத்தில் படித்துவிட்டார் போலிருக்கிறது. முகத்தைப் படித்துப் படித்து ஏழு மாதத்தில் தேறிவிட்டார். "அது எம்பேர்ல இருக்குதுங்க. உங்க பேர்ல இல்ல" என்றார், கேட்காதவர்கள் பேசுகிற மாதிரி கொஞ்சம் அதிகச் சத்தமாக. லாஹிரிக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் தலை குனிந்துகொண்டார். டீ வந்தது, ஆறியது. பத்து ஐம்பதுக்கு அவர் மேஜைத் தொலைபேசி அடித்தது, நான்தான் எடுத்தேன், அந்தப் பக்கத்துக் குரல் மூச்சிரைத்தது. கேட்டுவிட்டு அவர் எதிரில் வந்து நின்று, வாயை நன்றாகத் திறந்து சொன்னேன்: நாலு பேரும் திரும்பிவிட்டார்கள். படகு நின்றுவிட்டது. ரப்பர் படகைப் பார்த்ததும் அவர்களே எஞ்சினை அணைத்துக் கையைத் தூக்கிவிட்டார்கள். ரேடியோவின் பேட்டரியில் கடல்தண்ணீர் ஏறி இரண்டு நாளாகிறது. துணியில் சுற்றிய துப்பாக்கி ஒன்று படகின் அடித்தட்டில் இருந்தது, யாரும் அதைத் தொடவில்லை. வெடிமருந்து இல்லை. லாஹிரி தொலைபேசியை வாங்கிப் பெயர்களைக் கேட்டு எழுதினார், எழுதியதை வெகுநேரம் பார்த்தார். "இரண்டு பேர் என் பட்டியலில் இருக்கிறார்கள்" என்றார். பிறகு, "மற்ற ஒன்பது பேர் இல்லை, வெறும் மீன்பிடிக் கூலிகள்" என்றார். இதையும் சத்தமாகவே சொன்னார், யாரும் கேட்டுக்கொள்ளாமலே. போகும்போது பிரதமரின் தோளை, வலது தோளை, ஒரு தரம் தொட்டுவிட்டுப் போனார். அவர் யாரையும் தொட்டு நான் பார்த்ததில்லை.

குறிப்பைப் புதிதாக எழுத வேண்டும். பழைய தாளில் மை ஊறி ஓட்டை போலாகிவிட்டது. பிரதமர் மேலும் விளக்கம் கோரினார், அதன்பின் முடிவை மாற்றினார் என்று எழுதி நீட்டினேன். நல்ல வாக்கியம், பதினாலு வருஷத்தில் இந்த மாதிரி எத்தனை வாக்கியத்துக்குள் எத்தனை பேரைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அவர் கண்ணாடியை ஏற்றிப் படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு கோடு போட்டார். "நடந்தத எழுதுங்க" என்றார். இந்தத் தாள் ரகசியக் குறிப்புப் பெட்டிக்குள் போகும், பெட்டிக்கு நாலு சாவி, நாலு பேருக்கும் நண்பர்கள் உண்டு, தேர்தலுக்கு இரண்டு வருஷம்கூட இல்லை. "ஐயா, இது வெளிய போச்சுன்னா" என்றேன். "போகட்டுமுங்க. நாளைக்கு இந்த நாற்காலில உக்கார்றவனுக்கு எந்தக் காது கேக்காதோ, யாருக்குத் தெரியும். அவங்கிட்ட இன்னொரு தரம் சொல்லோணும்னு யாராச்சும் படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும்." மழை விட்டிருந்தது, தகரத்தில் ஒரு சொட்டு, பிறகு ஒரு சொட்டு. அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியை எடுத்து, அதன் மூடியோடு போராட ஆரம்பித்தார், உதவட்டுமா என்று நான் கேட்கவில்லை. புதுத் தாளை எடுத்தேன். நேரத்தை எழுதினேன். பிரதமருக்கு முதல் முறை கேட்கவில்லை, இரண்டாம் முறை கேட்டார் என்று எழுதி, அடியில் என் கையெழுத்தைப் போட்டேன்.